மழை பெய்தால் மலையேறும் ஆட்டோ

போன வாரம் செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஓர் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு மலையேறினேன்.

நம்மை ஏற்றிக்கொண்டு போகத்தான் ஆட்டோ. அதை நாம் ஏற்றிக்கொண்டு போனால்...?

என்னோடு சேர்ந்து தள்ளியவர் பாக்கியம் அக்கா. எங்கள் தோட்டத்து டிவிசனில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். முழங்கால் வலிக்கு டவுன் கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார். மருந்துப் பை இடது கையில். வலது கை ஆட்டோவின் முதுகில்.

“காலுக்கு எக்சசைஸ் குடுக்கணும்னு டாக்டரு சொன்னாரு. எங்க போயி செய்யுறதுன்னு நானும் யோசிச்சுக்கிட்டே வந்தேன். செல்லையா அண்ணே ஏற்பாடே பண்ணிட்டாரு” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

முன்னால் ஹேண்டிலைப் பிடித்தபடி வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்த டிரைவர் செல்லையா அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. சாதாரணமாக பாக்கியம் அக்கா ஒன்று சொன்னால் இரண்டு திருப்பிக் கொடுக்கிற மனிதர்! அன்றைக்கு அவர் வாயே திறக்காமல் நடந்ததைப் பார்த்தபோது எனக்கு வண்டியைவிட அவர்தான் பாரமாகத் தெரிந்தார்.

வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். நோர்வூட்டில் ஒரு தையல் கடையில் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. அங்கே பேச வேண்டியதையெல்லாம் இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். எங்கள் டிவிசன் டவுனிலிருந்து மேலே, நல்ல செங்குத்தான மலையில் இருக்கிறது. பஸ் வராது. வருவது இந்த ஆட்டோ ஒன்றுதான்.

இதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஆட்டோவின் சொந்தக்காரர் யார் தெரியுமா? எங்கள் மரணாதார சங்கம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், நாற்காலி, தேத்தண்ணி ஊற்றுகிற பெரிய கேத்தல் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்குகிற சங்கம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் பாக்கியம் அக்காதான் எழும்பிக் கேட்டார்: “ஏங்க, செத்தாத்தான் எங்கள கவனிப்பீங்களா? உசுரோட இருக்கும்போது ஒன்னும் கெடையாதா?”

சிரித்தார்கள். ஆனால் யோசிக்கவும் செய்தார்கள். அப்படித்தான் ஒரு பழைய ஆட்டோ வந்தது. ஓட்டுவதற்கு செல்லையா அண்ணன் வந்தார்.

அவர் தோட்டத்து லொறி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைப் பாதையில் ஒரு தடவைகூட வண்டியை உரசியதில்லை என்பது ஒரு பெருமை. இன்னொரு பெருமை... சிக்கனம். மேலே எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால், லயத்தடியில், வண்டியைக் கிளப்புவார். முதல் இறக்கம் வந்ததும் சாவியை ஆஃப் பண்ணிவிடுவார். அப்புறம் டவுன் பாலம் வரைக்கும் எஞ்சின் சத்தமே இருக்காது. டயர் உருளுகிற சத்தமும் காற்றும் மட்டும்தான். பிரேக்கிலேயே வளைவு வளைவாக இறக்கிக்கொண்டு போய் பாலத்தடியில்தான் மறுபடி சாவியைத் திருப்புவார்.

“மேலயிருந்து கீழ வர்றதுக்கு மலை சும்மா கூட்டிக்கிட்டு வருது. அதுக்கு ஏன் பெற்றோல எரிக்கணும்?” என்பார்.

மலையகத்தில் வண்டி ஓட்டுகிற பாதிப் பேரிடம் இந்தப் பழக்கம் உண்டு. பாதுகாப்பா, இல்லையா என்று கேட்காதீர்கள்... அது வேறு கதை. ஆனால் செல்லையா அண்ணன் அதை ஒரு கலையாகவே செய்தார். பெற்றோலுக்கு நாள்கணக்கில் கியூவில் நின்ற அந்தக் காலத்தில், சுற்று வட்டார டிரைவர்கள் இவரிடம் வந்து கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஆனாலும் ஒரு நாள் பெற்றோலே கிடைக்காமல் போனது. ஆட்டோவைக் கல் வைத்து முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டார்கள். இறங்குவதற்கு மலை உதவும். முதல் இறக்கம் வரைக்கும் போகவே ஒரு சொட்டு வேண்டும், ஏறுவதற்கு? அந்த நாட்களில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை நாங்கள் சங்கத்து நாற்காலியில் உட்கார வைத்துத்தான் மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சாவு வீட்டுக்கென்று வாங்கிய நாற்காலி! தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அதைத் தூக்கிய கைகளுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அதனால்தான், ஹட்டனிலிருந்து ஏதோ ஒரு திட்டத்து ஆட்கள் வந்து, பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டரும் பேட்டரியும் பூட்டித் தருகிறோம் என்று சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். கொஞ்சக் காலம் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், சரிவரவில்லை என்றால் திருப்பித் தாருங்கள், வேறு தோட்டங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்றார்கள்.

மண்டபத்தில் ஒரு பேனர் கட்டினார்கள். ‘காபன் அற்ற போக்குவரத்து’ என்று பச்சை எழுத்தில்.

“காபன்னா அந்த பில்லு எழுதுற கறுப்புத் தாள்தான?” என்று என் காதில் கேட்டார் பாக்கியம் அக்கா. “அத நாங்க எப்ப ஆட்டோவுல போட்டோம்?”

சூரிய சக்திப் பலகையும் தருவதாகச் சொன்னார்கள். லயத்துக் கூரைகளில் வரிசையாகப் பூட்டினால் எத்தனை வெளிச்சம் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கூரையின் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டுமாம். உரிமையாளர்...? பிறந்தது அந்தக் கூரைக்குக் கீழே. கல்யாணம் கட்டியதும், மழைக்குச் சட்டி வைத்ததும், ஓட்டைக்குத் தார் பூசியதும் அதே கூரையில்தான். ஆனால் கையெழுத்துப் போட அதில் எங்களுக்கு உரிமை இல்லை. யாருக்கு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனவர்கள் போன மாதிரியே திரும்பி வந்தார்கள். கடைசியில் சங்க மண்டபத்துக் கூரையில் மட்டும் பூட்டினார்கள். பெரிய பெரிய கொள்கை எல்லாம் எழுதுகிறவர்கள், அதைப் பொருத்துவதற்குக் கூரை யாருடையது என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும். சின்ன வேண்டுகோள்தான்.

சரி, ஆட்டோவுக்கு வருகிறேன்.

மழைக்காலத்தில்தான் மோட்டரைப் பூட்டினார்கள். அப்பப்பா... என்ன ஓட்டம்! சத்தமே இல்லை. புகை இல்லை. மண்டபத்தில் இரவு சார்ஜ் போட்டு வைத்தால் மறுநாள் காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை டவுனுக்குப் போய் வரும். செல்லையா அண்ணன் வண்டியைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்து, “வண்டியப் பாத்து பொண்டாட்டி பொறாமப்படுமே” என்று கேலி செய்தார்கள். அவருக்கு அதுவும் பெருமைதான்.

தைப்பொங்கல் முடிந்தது. மழை விட்டது. நல்ல வெயில்.

அப்போது ஆரம்பித்தது வில்லங்கம். பின்னேரம் டவுனிலிருந்து ஏறி வரும்போது, கடைசி ஏற்றத்தில், முனியாண்டி கோயில் வளைவில் வண்டி மூச்சை நிறுத்திவிடும். அதற்கு மேல் ஒரு அடி போகாது. அங்கிருந்து லயம் வரைக்கும் தள்ள வேண்டும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை... வெயில் அடிக்கிற ஒவ்வொரு நாளும்!

காரணம் சொல்வதற்கு எங்கள் ஆட்களிடம் கேட்கவா வேண்டும்?

பேட்டரி கிழடாகிவிட்டது என்றார்கள் சிலர். முனியாண்டிதான் பிடித்து நிறுத்துகிறார் என்றார்கள் வேறு சிலர். முன்பெல்லாம் அந்த வளைவில் வண்டிகள் உறுமிக்கொண்டு ஏறும், ஹோர்ன் அடித்துச் சொல்லிவிட்டுப் போகும். இது சத்தமில்லாமல் திருடன் மாதிரிப் போனால் சாமி நிறுத்திக் கேட்காதா? நியாயமாகத்தான் இருந்தது! செல்லையா அண்ணன் ஹோர்ன் அடித்துப் பார்த்தார். சூடம் கொளுத்திப் பார்த்தார். வண்டி அங்கேயேதான் நின்றது.

மூன்றாவது காரணம்தான் கொடுமை. “ஆளுக்கு வயசாயிருச்சுப்பா. புது வண்டி அந்தக் கைக்கு வசப்படல.” இதை அவருக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. ஆனால் லயத்தில் சுவருக்கு என்ன மறைவு?

போன செவ்வாய்க்கிழமை நாங்கள் தள்ளிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தபோது, சங்கத் தலைவர் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நாலு பேருடைய குறையை நாள் முழுக்கக் கேட்கிறவர்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழம கூட்டத்துல இத பேசித்தான் ஆகணும். மோட்டர அவங்ககிட்டயே குடுத்துருவோம். கீழ் டிவிசன் பொடியன்கிட்ட பெற்றோல் ஆட்டோ இருக்கு. அவன ஓடச் சொல்லுவோம்.”

“அப்ப நானு?” என்றார் செல்லையா அண்ணன்.

தலைவர் வேறு பக்கம் பார்த்தார்.

அண்ணனுடைய அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருந்தது. வண்டி போனால் அவரும் போனார். இந்த வயதில் வேறு யார் அவர் கையில் ஒரு ஹேண்டிலைக் கொடுப்பார்கள்? அதைவிட, ‘செல்லையாவால முடியல’ என்ற பெயரோடு வீட்டில் உட்கார வேண்டும். வாழ்க்கை முழுக்க உரசாமல் ஓட்டியவர்...

புதன்கிழமை. காலையிலேயே, யாரும் எதிர்பாராத மழை. நானும் பாக்கியம் அக்காவும் பின்சீட்டில். அவருக்கு மறுபடியும் கிளினிக். ஒரே மருந்துக்கு இரண்டு தடவை அலைய வைக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே வந்தார்.

அன்றைக்குப் பின்னேரமும் மழைதான். திரும்பி வரும்போது முனியாண்டி வளைவு வந்தது. நான் செருப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டு தள்ளுவதற்குத் தயாரானேன். ஆனால் வண்டி நிற்கவில்லை! வளைவைத் தாண்டி, லயத்தடி வரைக்கும் போய், இன்னும் கொஞ்சம் போகட்டுமா என்று கேட்கிற மாதிரி நின்றது.

“இது என்னா கூத்து? மழை பேஞ்சா ஏறுது, வெயிலடிச்சா நிக்குது. சூரியனுக்கு பயப்படுற வண்டிக்கா சூரியப் பலகை மாட்டியிருக்காங்க?” என்றார் பாக்கியம் அக்கா.

செல்லையா அண்ணனும் குழம்பிப் போனார். “இன்னைக்கு எறங்கும்போதும் வண்டி சரியில்லீங்க. பின்னால யாரோ புடிச்சு இழுக்குற மாதிரி இருந்துச்சு. மழையில பிரேக் ஒட்டுது போல.”

பின்னால் இழுக்கிற மாதிரி... அதை நானும் உணர்ந்திருந்தேன். காலையில் இறங்கும்போது மெல்லிய ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தமும் இருந்தது. வெயில் நாளில் அந்தச் சத்தம் இருக்காதே?

எனக்குப் பேசத்தான் வராது. பார்க்க வரும். தையல் வேலை செய்கிறவளுக்குக் கண்தானே மூலதனம்?

வியாழக்கிழமை மறுபடி வெயில். பின்சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் இறக்கம். அவருடைய கை, அவருக்கே தெரியாமல், சாவிக்குப் போனது. ஆஃப்! ஹேண்டிலுக்குப் பக்கத்திலிருந்த சின்னத் திரை அணைந்தது. டயர் உருளுகிற சத்தம். காற்று. பாலத்தடி வரைக்கும் ஒரு ‘ம்ம்’ கூட இல்லை.

மழை நாளில் அவர் ஏன் ஆஃப் பண்ணவில்லை? பண்ண முடியாது! சாவியை ஆஃப் பண்ணினால் வைப்பர் ஓடாதே. கண்ணாடி தெரியாதே. மழைக்காலத்தில் வைப்பர், மூடுபனி என்றால் லைட்... அந்த மாதங்களில் சாவி முழு நேரமும் ஆனில்தான் இருந்திருக்கும்.

அப்போதுதான், மோட்டர் பூட்டிய அன்று அந்த இன்ஜினியர் பிள்ளை சொன்னது நினைவுக்கு வந்தது. சுகந்தி என்று பெயர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒரு மணித்தியாலம் விளக்கம் சொன்னார். எங்களுக்கு அதில் பாதி விளங்கவில்லை, மீதியை நம்பவில்லை. “இறங்கேக்க மோட்டர்தான் கரண்ட் உண்டாக்கும் அண்ணை. பற்றரிக்குத் திரும்ப சார்ஜ் ஏறும்” என்று அவர் சொன்னபோது, விற்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று செல்லையா அண்ணன் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

இறங்கும்போது சார்ஜ் ஏற வேண்டிய வண்டி. இறங்கும்போது சாவியை ஆஃப் பண்ணுகிற டிரைவர்.

காரணம் கிடைத்துவிட்டது. இனி என்ன, சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா?

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். யாரிடம் எதைச் சொல்வது? அவர் செய்கிற தப்பு என்ன? குடித்துவிட்டு ஓட்டுகிறாரா, வேகமாக ஓட்டுகிறாரா? ஊரே வந்து கேட்டுக்கொண்டு போன அவருடைய கைவண்ணம் அது. ‘உங்கள் பெருமைதான் உங்கள் வண்டியை நிறுத்துகிறது’ என்று ஒரு மனிதரிடம் எந்த வார்த்தையில் சொல்வது? அதுவும் அவருடைய பேர் ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருக்கிற வாரத்தில்? அதுவும்... நான்?

வியாழன் பகல் முழுக்க தையல் மெஷினுக்கு முன்னால் ஒத்திகை பார்த்தேன். ‘அண்ணே, ஒன்னு சொல்லணும்.’ சரியில்லை. ‘அண்ணே, தப்பா நினைக்காதீங்க.’ இப்படி ஆரம்பித்தால் தப்பாக நினைக்காதவர்களும் நினைப்பார்கள். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்து வைத்ததுதான் மிச்சம். அன்று பின்னேரமும் தள்ளினோம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோவில் ஏறினேன். முதல் இறக்கம் வருவதற்கு முன்னால், எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்:

“அண்ணே... சாவிய ஆன்லயே விட்டு வைக்கிறீங்களா? போனுக்கு சார்ஜ் போடணும்.”

ஆட்டோவில் சார்ஜ் போடுகிற இடம் ஒன்று இருக்கிறது. சாவி ஆனில் இருந்தால்தான் வேலை செய்யும்.

“ஆமா, இருக்கிறதே கொஞ்சூண்டு கரண்டு. அதையும் போன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டா வண்டி என்னாத்தத் திங்கும் தங்கச்சி?”

நான் வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் என் வீரம். காப்பாற்றியது பாக்கியம் அக்கா. கிளினிக் இல்லாத அன்றைக்கும் டவுனுக்கு வேலை வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“குடுங்கண்ணே! இந்தப் புள்ள வாயத் தொறந்து ஒன்னு கேட்டு நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். எப்படியும் சாயந்தரம் தள்ளத்தான போறோம். போனாவது நெறையட்டும்.”

முனகிக்கொண்டே சாவியை விட்டு வைத்தார். வண்டி ‘ம்ம்ம்’ என்று இறங்கியது. “பாருங்க, மறுபடி இழுக்குது” என்றார். டவுனில் இறங்கும்போது போனை வண்டியிலேயே விட்டுவிட்டு, பின்னேரம் எங்களை ஏற்ற வரும்போதும் சாவி ஆனிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டாம் தடவை கேட்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அன்று சுள்ளென்று வெயில். முனியாண்டி வளைவில் வண்டி நிற்கவில்லை.

பாக்கியம் அக்கா கைதட்டினார். “முனியாண்டிக்கு வெள்ளிக்கெழம லீவு!”

செல்லையா அண்ணனோ, லயத்தடியில் எங்களை இறக்கிவிட்ட பிறகும் சீட்டை விட்டு எழும்பாமல், அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் நான் மட்டும்தான் ஆட்டோவில். கேட்பதற்காக வாயைத் திறக்கப் போனேன். அவரே சாவியை விட்டு வைத்தார். இறங்க இறங்க, ரோட்டை ஒரு கண்ணாலும் அந்தச் சின்னத் திரையை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். திரையில் சார்ஜ் காட்டுகிற பச்சைக் கட்டங்கள் இருக்கின்றன. மண்டபத்துச் சார்ஜில் அவை எல்லாம் நிரம்புவதில்லை, காலையிலும் ஒன்றிரண்டு குறைவாகத்தான் இருக்கும். பாதி மலை இறங்கியபோது, ஒரு கட்டம் கூடியது.

வண்டியை ஓரம்கட்டினார்.

தேயிலைக்கு மேலே பனி விலகிக்கொண்டிருந்தது. பிறகு, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“தங்கச்சி... நேத்து ஒங்க போன்ல சார்ஜ் இல்லாமலா இருந்துச்சு?”

வீட்டிலேயே முழுசாக சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு வந்த போன்.

“கொஞ்சம் இருந்துச்சு அண்ணே” என்றேன்.

“ம்ம்” என்றார். அது வண்டியின் ‘ம்ம்’ மாதிரியே இருந்தது.

போனை எடுத்து சுகந்திக்கு அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

“ஐயோ அண்ணை... ஓடிக்கொண்டிருக்கேக்க சாவியையோ நிப்பாட்டினனீங்கள்?”

“எறக்கத்துல எல்லாரும் அப்படித்தானம்மா பண்ணுவோம். ஒங்க ஊர்ல பண்ண மாட்டாங்களா?”

“எங்கட ஊரில எங்க அண்ணை இறக்கம்? பாலத்தில ஏறி இறங்கினா அதுதான் மலை. நான் உங்களுக்கு எல்லாத்தையும் சொன்னனான்... ஆனா சாவியை நிப்பாட்டாதேங்கோ எண்டு சொல்லவேணும் எண்டு எனக்குக் கனவிலயும் வரேல்லை.”

“எனக்கு, நிப்பாட்டக் கூடாதுன்னு கனவுலயும் வரலம்மா” என்றார் இவர்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் செல்லையா அண்ணனின் முகம் மாறியது. நாளைக்குக் கூட்டம்.

எனக்கு ஓர் எண்ணம் ஓடியது. மறைக்காமல் சொல்கிறேன். ‘இன்ஜினியர் பொண்ணுகிட்ட பேசி ரிப்பேர் பண்ணியாச்சு’ என்று ஒரே வார்த்தையில் அவர் முடித்துவிடலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? வண்டியும் தங்கும், பெயரும் தங்கும். அவர் அப்படிச் சொல்லிவிட்டால் நல்லது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் விஷயத்தை ஆரம்பிக்கும் முன்னமே செல்லையா அண்ணன் எழும்பினார். சட்டையின் மேல் பட்டன் வரைக்கும் போட்டிருந்தார்.

“வண்டியில குத்தமில்ல. பேட்டரியிலயும் இல்ல. முனியாண்டி மேலயும் இல்ல. இந்தக் கை மேலதான் குத்தம்.”

கையைத் தூக்கிக் காட்டினார்.

“எறக்கத்துல நான் சாவிய ஆஃப் பண்ணுவேன். ஒங்க எல்லாருக்கும் தெரியும். பெற்றோல் காலத்துல அது மிச்சம். ஆனா இந்த வண்டி எறங்கும்போதுதான் கரண்ட எடுக்குது. நான் ஆஃப் பண்ணிப் பண்ணி அத எடுக்கவிடாம பண்ணியிருக்கேன். மழை பேஞ்சா வைப்பர் வேணும், அதுனால ஆஃப் பண்ண மாட்டேன். அதான் மழையில ஏறுச்சு.”

கையை இறக்கிக்கொண்டு தொடர்ந்தார்.

“பொல்பிட்டிய பவர் ஹவுசுக்கு லொறியில எத்தன தடவ சாமான் ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். நம்ம ஓடைத் தண்ணிதான அங்க போகுது? எறங்குற தண்ணிய அவங்க சும்மாவா விடுறாங்க? புடிச்சுத்தான கரண்ட் எடுக்குறாங்க? அதப் பாத்துக்கிட்டே வந்து, எறங்குற வண்டிய நான் சும்மா விட்டுட்டேன்.”

“இத யாரு அண்ணே கண்டுபுடிச்சுச் சொன்னா?” என்று தலைவர் கேட்டார்.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தால் நான் எங்கே போவேன்?

செல்லையா அண்ணன் என் பக்கம் பார்க்கவே இல்லை. “யாரும் சொல்லல. ஒரு போனு சொல்லுச்சு” என்றார்.

பாக்கியம் அக்கா மட்டும் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“அப்ப, இனிமே நிக்காதே?” என்றார் தலைவர்.

“நிக்காது. நின்னா நானே எறங்கிப் போயிர்றேன்.”

“நீங்க போயிட்டா நாங்க யார வையுறது?” என்றார் பாக்கியம் அக்கா. “வண்டியும் இருக்கட்டும், ஆளும் இருக்கட்டும். எழுதிக்கங்க தலைவரே!”

மண்டபம் சிரித்தது. கை தூக்கச் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது, ‘ஆளுக்கு வயசாயிருச்சு’ என்று பேசிய அதே ஆட்கள் அவரைச் சுற்றி நின்று, இறங்கும்போது எவ்வளவு சார்ஜ் ஏறும், எந்த வேகத்தில் இறக்கினால் கூட ஏறும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் விளக்கிக்கொண்டிருந்தார். குரல் பழைய செல்லையா அண்ணனின் குரலாக இருந்தது.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் மாறச் சொல்கிறார்கள். விறகை விடு, பெற்றோலை விடு, புகையை விடு... கெட்ட பழக்கங்களை விடச் சொல்கிறார்கள் என்றுதான் நானும் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். செல்லையா அண்ணன் விட்டது கெட்ட பழக்கமா? இல்லாத காலத்தில் ஒரு சொட்டைக்கூட வீணாக்காமல் ஓட்டக் கற்றுக்கொண்ட நல்ல பழக்கம். கெட்டதை விடும்போது ஊரே பாராட்டும். நல்லதாக இருந்த ஒன்றை, காலம் மாறிவிட்டது என்று தெரிந்து, நாலு பேருக்கு முன்னால் விடுவதற்கு... பெரிய மனசு வேண்டும். திட்டம் எழுதுகிறவர்கள் இந்த மனசுக்கும் ஒரு வரி ஒதுக்கினால் தேவலை.

ஆனால் மனசு விட்டதைக் கை உடனே விடுமா?

திங்கட்கிழமை காலை. முதல் இறக்கம். அவருடைய கை, பாவம், பழைய ஞாபகத்தில் மெதுவாகச் சாவிப் பக்கம் நகர்ந்தது. பின்சீட்டிலிருந்து ஒரு குடைக் காம்பு நீண்டு அவர் புறங்கையில் ‘டக்’ என்று ஒரு தட்டு தட்டியது.

“கை!” என்றார் பாக்கியம் அக்கா.

“ஐயோ, மறந்துட்டேங்க” என்றார் டிரைவர்.

அன்றிலிருந்து அக்கா அவருக்கு நேர் பின்னால்தான் உட்காருகிறார், மடக்கிய குடையோடு... எவ்வளவு வெயில் அடித்தாலும்!